அறை எண், பொருள், கையெழுத்து

பாலாற்றைப் பற்றி ஒரு கவிதை எழுத
ஏழு இரவாக உட்கார்ந்திருக்கிறேன்.
‘பாலாறே’ என்று வந்து நிற்கிறது,
பிறகு ஓர் ஆச்சரியக்குறி.
நேற்று அதையும் அடித்தேன்.

வேலூரில், ஆஸ்பத்திரிக்கு இரண்டு சந்து தள்ளி
லாட்ஜில் ராத்திரி மேசை எனக்கு.
காட்பாடியில் ரயிலிறங்கி வருகிறவர்கள்
ஆட்டோவிலிருந்து முதலில் ஃபைலை இறக்குவார்கள்,
அப்புறம்தான் நோயாளியை.

அறையைக் காலி செய்தவர்கள் விட்டுப்போனதை
நோட்டில் ஏற்ற வேண்டும்.
பச்சையம்மாள் பக்கெட்டோடு கொண்டுவந்து கவிழ்ப்பாள்.

அறை 12. கடுகெண்ணெய், கால் பாட்டில்.
அறை 4. செருப்பு, இடது கால் மட்டும்.
அறை 19. ஸ்கேன் படம், யாருடைய நெஞ்சோ.
அறை 4, மறுபடி. வளையல் ஒரு ஜோடி, குழந்தை அளவு,
கவர் பிரிக்காதது.

பக்கத்தில் ‘பாவம்’ என்று எழுதிவிட்டேன் ஒருமுறை.
முதலாளி முனிரத்தினம் சிவப்பு மையில் சுழித்தார்:
“பாவம் எந்த ரூம்ல கிடந்தது?”

அன்றிலிருந்து பொருள் மட்டும்.
எழுத எழுத
பன்னிரண்டாம் அறை எண்ணெய்
நாலாம் அறைச் செருப்பிடம் என்னமோ விசாரித்தது.
நான் ஒன்றும் செய்யவில்லை,
அடுத்தடுத்து எழுதினேன், அவ்வளவுதான்.
“இன்னா சார், குப்பைக்கெல்லாம் பேர் வெச்சிக்கினு கீற,”
பச்சையம்மாள் சிரித்தாள்.

பிறகு நோட்டைத் திருப்பிப் பிடித்து
கடைசிப் பக்கத்திலிருந்து, யாரும் கேட்காத கணக்குகள்:
மூன்று மணிக்கு இருமுகிறவர்கள், மாடிவாரியாக.
வாடகை ஸ்டவ்வில் எழும் வாசனை, பெயர் தெரியாதவை.
‘நல்லா இருக்காங்க’ என்று போனில் சொல்லிவிட்டு
சுவரைப் பார்த்து நின்றவர்கள்.

தெரிந்ததெல்லாம் நாலு வரியில் தீர்ந்துவிடும்.
ஐந்தாவதற்கு
எழுந்து படியேறிப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்று கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை.
காலி பாட்டிலோடு ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள்.
செல்போன் வெளிச்சத்தில் தலைப்புப் போட்டேன்:
தண்ணீர் கேட்ட விதம்.

அறை 12, புது ஆள். ஜொல்.
அறை 9. பானி.
அறை 3, சித்தூர்க்காரர். நீள்ளு.
அறை 16. பேசவில்லை,
கட்டைவிரலை உதட்டில் சாய்த்துக் காட்டினார்.
அறை 7, பாலக்காட்டு அம்மா. மகனுக்கு ஆபரேஷன் முடிந்து
இன்னும் கண் திறக்கவில்லை.
“கொறச்சு வெள்ளம்.”

பேனா அங்கேயே நின்றது.

தினம் பஸ்ஸில் கடக்கிறேன்
விருதம்பட்டுப் பாலத்தை.
கீழே கருவேல முள், லாரித் தடம்,
கிரிக்கெட் ஸ்டம்பாக மூன்று குச்சி.
இவள் ஒரு சொம்பை நீட்டி
வெள்ளம் கேட்கிறாள், அதுவும் கொஞ்சமாக.

குடத்தைச் சாய்த்து விளிம்புவரை ஊற்றினேன்.
வழிந்தது. நோட்டு நனைந்தது.
கையெழுத்துக் கட்டத்தில் அவள் எழுதிய
வட்ட வட்ட எழுத்துகள் கொஞ்சம் கலைந்தன.

காலையில் முனிரத்தினம் வருவார்,
சிவப்புப் பேனாவைத் திறந்தபடி கேட்பார்
வெள்ளம் எந்த ரூம்ல வந்தது என்று.

ஏழாம் நம்பர், சார்.