வழிப்பாத்தியம்

தக்கலை சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் சர்பத் கடைக்கும் நடுவில் என் மேசை.
முப்பத்தொரு வருடமாக ஒரே வாக்கியத்தை எழுதுகிறேன்:
யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி,
என் சுயபுத்தியுடன், முழுமனதுடன்.

ஹெப்சிபாய் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மழைக்கு முன்.
ஓய்வுபெற்ற நர்ஸ்.
குலசேகரத்துக்கு மேலே நாற்பத்திரண்டு சென்ட்,
இன்னும் பால் வடிகிற ரப்பர்.
தியான சபைக்குத் தானம்.
'ஒண்ணும் விடாம எழுதுங்கோ' என்றாள்
ஊசி குத்தும் முன் பேசுகிற குரலில்.

அன்று இரவே தோஹாவிலிருந்து மகன்.
'அது கல்ட்டாக்கும் அங்கிள்.
அம்மைக்க மூளையக் கழுவிட்டானுவ.'

கல்ட்டுக்கு என்ன தமிழ் என்று படுத்தபடி யோசித்தேன்.
கூட்டம் என்றால் கல்யாணமும் கூட்டம்தான்.
கும்பல் என்றால் கையில் கம்பு வேண்டும்.
சபை என்றால் ஞாயிறுதோறும் நானே போகிறேன்,
கிடைப்பதில் பத்திலொன்றை உறையில் போட்டு.
போதகர் கண்ணை மூடச் சொன்னால் மூடுகிறேன்.
என் அப்பாவின் அப்பா ஞானஸ்நானம் எடுத்த அன்று
அவர் வீட்டில் இழவு விழுந்ததுபோல் அழுதார்களாம்.

எல்லை பார்க்கப் போனேன்.
வடக்கே ஓடை, கிழக்கே பஞ்சாயத்து ரோடு.
வாசலில் போனை வாங்கிக்கொண்டு டோக்கன் தந்தார்கள்,
செருப்புக்குத் தருவதுபோல.
கூடத்தில் அறுபது பேர்.
சும்மா உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன்.
ஷீட்டில் மழை விழும் சத்தம்.
பிறகு அதுவும் இல்லை.
பணம் கேட்கவில்லை. படத்தைக் கும்பிடச் சொல்லவில்லை.
கஞ்சியும் பயறும் தந்தார்கள், பப்படம்கூட.
மனைவி போன பிறகு முதன்முதலாக
அன்றைக்குத்தான் விடியும்வரை உறங்கினேன்.
இதை யாரிடமும் சொல்லவில்லை.

அழகியமண்டபத்தில் பத்மதாஸ் பைக் சீட்டுக்கு உறை தைக்கிறான்.
பதினொரு வருடம் அங்கே இருந்தவன்.
அடித்தார்களா? இல்லை.
காசு? 'நானாத்தான் குடுத்தேன்.'
பின்னே?
நூல் கோத்து முடியும்வரை பேசவில்லை.
'உக்காந்ததுல ஒண்ணுமில்ல அண்ணே. எழும்புனதுதான்.
எனக்குப் பக்கத்துப் பாயில இருந்தவன்
இந்தா, இந்த ஸ்டாப்புலதான் டெய்லி பஸ் ஏறுகான்.
என்னைச் சுவரைப் பாக்குறதுமாதிரிகூட பாக்கமாட்டான்.
சுவருல போஸ்டராவது உண்டுல்லா.'

இரவு பத்திரம் எழுதினேன்.
பின்னிட்டு ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை
என்ற வரியில் கை கொஞ்சம் நின்றது. எழுதினேன்.
அதற்குக் கீழே, யாரும் கேட்காமல், இன்னொரு வரி:
எழுதிக்கொடுப்பவர் தம் ஆயுள்வரை, எந்நேரமும்
மேற்படி சொத்துக்குள் வரவும், வெளியே போகவும்
தடையற்ற வழிப்பாத்தியம் உடையவர்.

சபையின் மேனேஜர் படித்தார்.
நல்ல மனுஷர், குரல் உயர்த்தத் தெரியாதவர்.
வெளியே போகவும் என்ற இடத்தில் அவர் பேனா நின்றது.
கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.
'இது எதுக்கு?'
'வழக்கமா எழுதுறதுதான்' என்றேன். பொய்.
அவர் அடிக்கவுமில்லை, சிரிக்கவுமில்லை.
பக்கத்தைத் திருப்பினார்.

உள்ளே, மெஷின் அவள் ரேகையை வாங்க மறுத்தது.
முப்பது வருடம் டெட்டாலில் கழுவிய விரல்கள்.
பெருவிரல், மறுபடியும் பெருவிரல், நடுவிரல்.
'சொந்த விருப்பந்தானா அம்மா?'
திரையிலிருந்து கண்ணெடுக்காமல் பதிவாளர்.
ஹெப்சிபாய் கண்ணை மூடினாள்.
மூன்று நொடி. நாலாகவும் இருக்கலாம்.
அதற்குள் அவள் யாரைக் கேட்டுவிட்டு வந்தாள்
என்பது எந்த நான்கெல்லைக்குள்ளும் வராது.
'ஆமா' என்றாள்.
மெஷின் பச்சை காட்டியது.

மகனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.
ஞாயிறு காலை, ஆராதனைக்குத் திரும்பும் முக்கில்
என் பைக் கொஞ்சம் தயங்கி
குலசேகரம் ரோட்டைப் பார்த்தது.
சீட் கிழிந்திருக்கிறது.
முதலில் பத்மதாஸிடம் போகவேண்டும்.