ஜூன் இருபத்தாறு

மாடு திங்கட்கிழமையே அறுபட்டுவிட்டது.
இதை முதலில் சொல்லிவிட வேண்டும்,
பிற்பாடு எங்கள் ஊரைப் பழித்தவர்களுக்காக.

வசூல் வீட்டுக்கு ஆறு பென்னி.
கூலிக்காரர் வீட்டில் மூன்று, விதவைகள் இஷ்டப்படி.
திர்சா ஓல்டேக்கர் ஒரு கூடை முட்டை தந்தாள்.
இரண்டு கூமுட்டை. அதையும் கணக்கில் எழுதினேன்.

குழுவில் பதினொரு பேர், பன்னிரண்டு சண்டை.
இலைவளைவு தேவாலய வாசலிலா, மதுக்கடை வாசலிலா என்று
மூன்று இரவு மண்ணெண்ணெய் செலவு.
கடைசியில் அது குளத்தோரம்
வாத்துகளை வரவேற்றபடி நின்றது.

கோப்பைகள் ரயிலில் வந்தன, வைக்கோல் பொதிந்து,
நூற்று நாற்பது.
ஒவ்வொன்றிலும் அரசர், ரோஜாக் கன்னம்,
அடியில் பொன்னெழுத்தில் தேதி.
உடைந்தவை ஆறு. பிள்ளைகள் நூற்று முப்பத்தெட்டு.
அந்த நான்கு பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?
தூக்கம் போயிற்று எனக்கு.

செவ்வாய் மதியம் தந்தி.
அரசருக்கு வயிற்றில் கட்டி.
முடிசூட்டு விழா தள்ளிவைப்பு.

போதகர் மண்டியிடச் சொன்னார், மண்டியிட்டோம்.
எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே
கசாப்புக்கார ஏனோக் பாஸ்க் கேட்டார்:
"அரசர் காத்திருப்பார் ஐயா,
ஜூன் மாத இறைச்சி காத்திருக்குமா?"

தீர்மானம்: மாட்டைச் சுடலாம். வாத்தியம் கூடாது.
கொடிகளை இறக்க வேண்டாம், ஆட்டவும் வேண்டாம்.
சிரிப்பதானால் மெல்ல.

புதன் இரவு முழுக்கக் கொழுப்பு சொட்டியது தீயில்.
வியாழன், மேசைகள் நீண்ட புல்வெளியில்
துக்கவீட்டுக் குரலில் உப்பு கேட்டோம்.
அரசர் தையலோடு கிடந்த நாளில்
நாங்கள் வயிறு முட்டத் தின்றோம்.
யாரோ ஒரு பயல் ஏப்பம் விட்டான்.
அதற்குப் பிறகு எவராலும் முடியவில்லை,
போதகரின் தோளே குலுங்கிற்று.

மார்வூட் வீட்டார் மட்டும் வரவில்லை.
பக்திமான்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஜெபித்தார்கள்,
நான்கு பிள்ளைகளோடு.
கோப்பைக் கணக்கு நேரானது.
தேவனே, நான் மகிழ்ந்தேன், மன்னியும்.

ஆகஸ்டில் அரசர் பிழைத்து முடி சூடினார்.
அன்றைக்கு பார்லி அறுப்பு, மேற்கே மழைமேகம்.
மணிச்சத்தம் கேட்டு நிமிர்ந்தவர்கள்
கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு
மறுபடி குனிந்தார்கள்.
இலைவளைவை அதற்குள் யாரோ அடுப்பெரித்திருந்தார்கள்.
பிள்ளைகள் வழக்கம்போல் பால் குடித்தார்கள்,
நடக்காத ஒரு தேதியைக் கையில் பிடித்து.

கையிருப்பு: ஒரு ஷில்லிங், நான்கு பென்னி.
மணியடித்தவனுக்குக் கொடுத்துவிட்டேன்.
ஆறு மணிக்கும் அவன் ஒருவன்தான் வந்திருந்தான்.