முப்பத்தாறு மெரூன் சட்டைகள்

லேபிளை யாரோ கத்தரித்துவிட்டிருக்கிறார்கள்.
ரசீதும் கிடையாது.
கட்டை என் மேசையில் இறக்கிவைத்து
"சுத்தப் பருத்தி" என்கிறாள் நொம்ஃபுண்டோ.
இனாண்டா பாட்டுக்குழுவுக்காம்.
நெஞ்சில் வெள்ளையில் பெயர்,
முதுகில் வெள்ளையில் ஒரு பறவை,
சனிக்கிழமை விடிவதற்குள்.

உள்மடிப்பில் ஒரு நூலை உருவித்
தீக்குச்சியில் காட்டினேன்.
கொஞ்சம், காகிதம் எரிந்த வாசனையோடு
சாம்பலாகி உதிர்ந்தது.
கொஞ்சம் சுருண்டு உருகி
கறுத்த கடுகாய் இறுகிக்கொண்டது.
சாம்பல் பருத்தி, கடுகு பாலியஸ்டர்.
யாருக்கு எத்தனை பங்கு என்று
நெருப்பு கணக்குச் சொல்லாது.

"ரெண்டும் கலந்தது" என்றேன்.
"அதுக்கு விலை கூடுமா?" என்றாள்.

அன்று வெருலத்தில் பத்து மணிக்குக் கரண்ட் போனது.
பன்னிரண்டரை வரை
யோசிப்பதைத் தவிர வேலை இல்லை.

சப்ளிமேஷன் பாலியஸ்டரோடு மட்டும்தான் பேசும்,
அதுவும் வெளுத்த துணியில்.
மெரூனில் அதற்கு வாயே திறக்காது.
துணியில் நேராக மை பீய்ச்சும் இயந்திரம்
பருத்தி கேட்கும். மற்ற பாதியை
நாலு சலவையில் கைவிட்டுவிடும்.
வினைல் வெட்டலாம்,
ஆனால் அந்தப் பறவைக்கு நாற்பத்தொரு இறகு.
ஒவ்வொன்றையும் ஊசியால் நெம்பி எடுக்க
லோகன் சம்பள உயர்வு கேட்பான், நியாயமாகவே.
எம்பிராய்டரி? மெல்லிய துணி, இழுத்துச் சுருங்கும்.
மூச்சிழுக்கும் நெஞ்சில்
அட்டையைத் தைத்துவிட்டால் எப்படிப் பாடுவார்கள்?
பிலிமில் அடித்து ஒட்டலாம்.
பிப்ரவரி வெக்கையில் மூன்று மணி நேரம்
நின்று பாடுகிறவர்கள் முதுகில்
பிளாஸ்டிக் தாளா?

ஸ்கிரீன்தான்.

கரண்ட் வந்ததும் ஒரே ஒரு மாதிரி அடித்தோம்.
நூற்றறுபது டிகிரி. தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளை.
சூட்டோடு மடித்து வைத்துவிட்டு
வீட்டுக்குப் போனோம்.

காலையில் பறவை
பல் முளைக்காத குழந்தையின் ஈறு நிறத்தில் இருந்தது.

"மை கெட்டுப்போச்சு" என்றான் லோகன்.
மை இல்லடா, சட்டை.
அதிகச் சூடு பட்டால் பாலியஸ்டரின் சாயம்
ஆவியாகி எழுந்து மேலே வரும்,
வெள்ளையில் வந்து உட்காரும்.
தடுக்கிற சாம்பல் மை டர்பன் கடையில்
திங்கள்கிழமைதான் வருமாம்.

சொல்லிக்கொண்டிருக்கையிலேயே
நொம்ஃபுண்டோ வந்து நின்றாள்.
எடுத்து ஒளிக்க நேரமில்லை.
பறவையின் கழுத்தைத் தடவிப் பார்த்து
"இதுவே நல்லாயிருக்கே" என்றாள்.

அக்கா, இது நிறம் இல்லை.
இன்னும் நடந்துகொண்டிருக்கிற ஒன்று.
நாளைக்கு வேறாக இருக்கும்.
முப்பத்தாறும் முப்பத்தாறு விதமாய்ச் சிவக்கும்.

அவள் சிரித்தாள்.
"எங்க ஆளுங்க என்னைக்கு
ஒரே சுருதியில நின்னாங்க?"

அவளுக்குச் சிரிப்பு. திருப்பிக் கொண்டுவந்தால்
காசு போவது எனக்கு.
ராத்திரி முழுக்க வெள்ளையில்
சிவப்பைக் கரண்டி கரண்டியாய்க் கலந்தேன்.
மாதிரியின் நிறத்துக்கு வந்து
அதைத் தாண்டி ஒரு கரண்டி.
சாயம் எங்கே வந்து சேருமோ
அங்கே நான் முன்கூட்டியே போய் நின்றுகொண்டேன்.
இனி வரட்டும், வந்தால் தெரியாது.

குறைந்த சூட்டில் காயும் மை, மிச்சமிருந்த ஒரே டப்பா.
நூற்றுமுப்பது டிகிரி. பெல்ட்டை மெதுவாக்கினோம்.
ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கவில்லை:
நாற்காலி முதுகில், வாசல் கம்பியில்,
அணைந்த ஃப்ரிட்ஜின் மேல்,
லோகனின் ஸ்கூட்டர்மேல்கூட
முப்பத்தைந்து பறவைகள் ஆறிக்கொண்டிருந்தன.

சனிக்கிழமை அதிகாலையில் வாங்கிப்போனாள்.
குறைந்த ஒரு சட்டைக்கு
"எங்க டிரைவர் பாடமாட்டான்" என்று சொல்லிவிட்டு.

மாதிரிச் சட்டைக்கு யாரும் காசு தரவில்லை.
அதைப் போட்டுக்கொண்டுதான் லோகன் ஸ்கிரீன் கழுவுகிறான்.
அவன் குனியும்போதெல்லாம் உற்றுப் பார்க்கிறேன்.
தீபாவளிக்குள் இன்னும் சிவக்கும் என்கிறேன் நான்.
இத்தோடு நின்றுவிடும் என்கிறான் அவன்.
ஐம்பது ராண்ட் பந்தயம்.