பின்னால் யார்

பஞ்சிகாவத்தையில் ரிஃப்கான் நானாவின் கடையில்
ஒரு கண்ணின் விலை ஆறாயிரத்து ஐந்நூறு.
திரை தனி.
பூட்டித் தர இன்னும் நாலாயிரம் என்றார்.
நானே பூட்டுகிறேன் என்றேன்.
என்னைப் பார்க்காமல் வானைப் பார்த்தார்:
டொல்பின், என்னைவிட நாலு வயது இளையது,
பின்கதவில் மூன்று விதமான வெள்ளை.

மூன்றாவது வெள்ளை போன மாதத்தது.
தெஹிவளையில் எங்கள் ஒழுங்கை
தண்டவாளத்து வேலியில் முடிகிறது. அப்பால் கடல்.
திருப்ப இடமில்லை,
பின்னேரங்களில் முதுகாலேதான் உள்ளே வருவேன்.

பத்து வருடமாய் என் முதுகுக்குக் கண் சுனிமல்,
வேலியோரம் பங்சர் ஒட்டுகிறவர்.
என் வானைக் கண்டால்
டியூபை வாளியில் விட்டுவிட்டு ஓடி வருவார்,
பின்கதவைத் தட்டித் தட்டி
'என்ன, என்ன' என்பார்.
சிங்களத்தில் அது 'வாங்க, வாங்க'.
திருகோணமலையிலிருந்து வந்த புதிதில்
ஒவ்வொரு 'என்ன'வுக்கும் பிரேக் பிடித்து
தலையை வெளியே நீட்டி
'ஒன்றுமில்லை' என்றிருக்கிறேன்.

போன மாதம் அவர் அநுராதபுரம் போன அன்று
ஒரு முச்சக்கரவண்டியின் விளக்கு
என் கணக்கில் சேர்ந்தது.

ஞாயிறு காலை
பின்கதவின் உள்மட்டையைக் கழற்றினேன்.
துரு, மணல், டொஃபித் தாள்,
யாரோ ஒளித்து வைத்த கணிதத் தாள்: பதினேழு புள்ளி.
மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மஞ்சள் வயரைச் சைக்கிள் கம்பியில் கட்டி
கூரைத் துணிக்குள்ளால் முன்னுக்கு இழுத்தேன்.
சிவப்பை ரிவர்ஸ் விளக்கின் வயரோடு முறுக்கினேன்.
கறுப்புக்கு வானின் வெறும் உடம்பு வேண்டும்,
பெயின்ட்டைச் சுரண்டினேன், பளபளக்கும்வரை.

சாவி. கியர்.
நீலத் திரை.
மறுபடி கியர். மறுபடி நீலம்.

மல்லாந்து கீழே போய்ப் பார்த்தால்
கியர்பெட்டியில் ஓர் இணைப்பு கழன்று தொங்குகிறது,
எத்தனை மழைக்கு முன்னர் கழன்றதோ.
அப்படியென்றால் இத்தனை காலமும்
விளக்கெரியாமல்தான் பின்னால் வந்திருக்கிறேன்.
ஏன் சொல்லவில்லை என்று சுனிமலைக் கேட்டேன்.
'நான் விளக்கைப் பார்க்கிறதில்லை அக்கே,
டயரைத்தான்' என்றார்.

படம் வந்தது, தலைகீழாய்.
கடல் மேலே. அதிலிருந்து தொங்கும் சுனிமல்,
சிந்தாத அவர் வாளி.
காமராவை அரைச் சுற்றுத் திருப்பினேன்.
கடல் இறங்கியது, ஆனால்
காலிக்குப் போகிற ரயில் கோட்டைக்குப் போனது.

காமராவின் கழுத்தில் இரண்டு வளையங்கள்,
பச்சையும் வெள்ளையும்.
வெட்டுவதற்கென்றே வைத்த வயர்கள்.
எதை வெட்டினால் எது மாறும் என்பது
சீன எழுத்தில் இருந்தது.
பச்சையை வெட்டிவிட்டுக் காத்திருந்தேன்.
இருபது நிமிடத்தில் அடுத்த ரயில்,
கதவெல்லாம் ஆட்கள் தொங்க,
ஒழுங்காய்க் காலிக்குப் போனது.

சுனிமல் உள்ளே ஏறித் திரையைப் பார்த்தார்.
இறங்கி ஓடிப் பின்னால் நின்றார். மறுபடி ஏறினார்.
தன்னைத்தான் பார்க்க முடியாதென்று விளங்க
மூன்று தடவை ஆனது.

திங்கள் பின்னேரம் திரையைக் கண்டுபிடித்தது
மூன்றாம் வகுப்பு தக்ஷியா.
இறங்கிய பிள்ளைகள் வீட்டுக்குப் போகவில்லை.
ரிவர்ஸ் போட்டேன்:
மஞ்சள் கோட்டிலும் சிவப்புக் கோட்டிலுமாய்
நாக்கு நீட்டி, கொம்பு வைத்து,
தண்ணீர்ப் போத்தலைக் கிண்ணம்போல் உயர்த்தி
ஏழு பேர்.
பத்து வருடமாய் யாரும் நிற்காத இடத்தில்
ஆறாயிரத்து ஐந்நூறு செலவழித்து
ஆள் சேர்த்திருக்கிறேன்.

கால் பிரேக்கில். கை ஹோர்னில்.
திரையின் ஓரத்தால் சுனிமல் வந்தார்,
டியூப் தோளில், கை இரண்டும் வீசி.
சத்தம் வராத கண்ணாடியில் வாய் அசைந்தது:
'யன்ன, யன்ன.'
போங்கள், போங்கள். எனக்கல்ல.

பிள்ளைகள் கலைந்தார்கள்.
கோடுகளுக்குள் வாளியும் கடலும் மட்டும்.
அவர் குனிந்து கண்ணுக்கு நேரே
ஒருகணம் தலைமயிரைத் தடவிக்கொண்டார்.

பிறகு கதவைத் தட்டினார்.
அது திரையில் இல்லை,
இருக்கை வழியாய் முதுகில் கேட்டது.