பத்தரை

டாங்க் பதினான்கு கேலன் பிடிக்கும்.
முள் காலில் நிற்கிறது.
மூன்றரை உள்ளே, பத்தரை வேண்டும்.
பலகையில் விலை மூன்று எண்பத்தொன்பது;
நாலு என்று வைத்துக்கொண்டேன்.
வண்டியில் நாலு பேர்.
நாலை நாலுக்கு அடித்துவிட்டால்
ஆளுக்கும் அதே பத்தரை.
பென்சில் வேண்டாம், விரல்கூட மடக்க வேண்டாம்.
பத்தரை மாற்றுக் கணக்கு.

சர்க்கரை ஆலையில் எங்களுக்கு இரவு ஷிப்ட்.
வடக்கு டகோட்டாவில் சாலை வளையாது.
லாரிகள் சிந்திய வெள்ளை பீட்ரூட்கள்
கல்லாய் உறைந்து டயரில் மோதும்.
பெரித் ஏறியதும் தூங்கிவிடுவாள்,
காசு கையுறைக்குள் சுருண்டிருக்கும்.
ஜோலீன் எல்லாவற்றையும் சில்லறையாகத் தருவாள்;
எண்ணி முடிப்பதற்குள் ஆலைப் புகை தெரியும்.
முன்னால் மார்லிஸ்:
மடிப்பில்லாத பத்து டாலர் தாள்,
மேலே இரண்டு கால் டாலர்.

பம்ப் நாற்பது எண்பத்தைந்தில் நின்றுவிடும்.
மிச்சம் ஒன்று பதினைந்து
என் கோட்டுப் பையில்.
ஒரு வாரம் காபி.
ஒரு வாரம் கண்ணாடி கழுவும் நீலத் தண்ணீர்,
அது வண்டிக்குத்தானே.
இருபது வாரத்துக்கு இருபத்துமூன்று டாலர்.
திருட்டு என்று சொல்லக் கூச்சமான தொகை.
இல்லை என்று சொல்லவும்.

ஜனவரியில் ஒரு வெள்ளி,
பணம் கட்டிவிட்டுத் திரும்புகிறேன்.
மார்லிஸ் தன் பக்கத்து ஜன்னலில்
மூச்சு படிந்த இடத்தில் எழுதிக்கொண்டிருந்தாள்.
வெளியிலிருந்து இடம் வலமாய்த் தெரிந்தது,
அப்படியும் படிக்க முடிந்தது.
என்னைக் கண்டதும் முழங்கையால் துடைத்தாள்.
நான் உட்கார்ந்தேன்.
பத்தரையை நீட்டினாள்.
'ரேடியோ போடேன்' என்றாள்.

மார்ச்சில் அவளைப் பகலுக்கு மாற்றினார்கள்.
விலை அசையவில்லை.
முள் அதே காலில்.
நாற்பத்திரண்டை மூன்றால் வகுத்தேன்,
பதினான்கு.
அதுவும் பிசிறில்லாமல்தான் வருகிறது.

சொல்ல வாயெடுத்தேன்.
எங்கள் மூவரின் மூச்சும் போய்ப் படிந்து
ஆளில்லாத இருக்கையின் ஜன்னல் வெளுத்தது.
வெளுப்பில் ஒரு விரல் ஓடிய தடம் மட்டும் படியாமல்,
துடைத்தது போக அரைகுறையாய்:
ஒன்று, ஒரு புள்ளி, பதினைந்து.
கீழே பள்ளிப் பிள்ளை போல
இரண்டு கோடு.

'பதின்மூன்று டாலர் அறுபத்திரண்டு சென்ட்' என்றேன்.

பெரித் தூக்கத்திலேயே கையுறையை நீட்டினாள்.
ஜோலீன் சிரித்தாள்:
'அந்த ரெண்டு சென்ட்டுக்கு
இந்த நேரத்தில் நான் எங்கே போவேன்?'