கோடியில் ஒரு கோடி

திங்கள் காலை நான்கு மணிக்கு
நான் தூங்கிக்கொண்டிருக்க
என் நிரல் எழுந்து
நாற்பத்தொரு ஏரிகளுக்கு
நாற்பத்தொரு வரைபடம் போடும்.
ஜூலையில், குவோபியோவில்,
அந்நேரம் வெயில் வந்து வெகுநேரம் ஆகியிருக்கும்.

ஹிர்விலம்பி ஏரியின் படத்தில்
இடது அச்சு சொன்னது: ஒன்று, இரண்டு, மூன்று.
பச்சைப் புள்ளி மூன்றுக்குச் சற்று மேலே.
மிச்சத்தைச் சொல்லவேண்டிய பொடி எழுத்து
அச்சின் மேல்கோடியில்
யாரும் பார்க்காத மூலையில் நின்றிருக்க வேண்டும்:
பத்தின் அடுக்கு ஏழு.
ஒரு கோடி.

கத்தரித்தது நான்தான்.
ஓரத்து வெள்ளை வீணாகிறதே என்று
மே மாதம் ஒரே ஒரு வரி சேர்த்தேன்.
அதன்பிறகு படங்கள்
கச்சிதமாக வந்தன.

ஊர்போ அதை அச்சிட்டு
சவுனா வாசலில் ஆணியடித்தார்.
லிட்டருக்கு மூன்று பாசி உயிரணு.
மூன்றைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?
ஆவியில் வெந்த உடம்போடு
ஆறு பேர் குதித்தார்கள்,
ஹல்லா என்கிற நாயும்.
நாய் மட்டும் தண்ணீரைக் குடித்தது.

புதன்கிழமை தொலைபேசியில்
அவர் குரல் உயரவே இல்லை.
"மூன்று என்றுதானே போட்டிருந்தது."
நாய் பிழைத்துவிட்டது என்றார்.
பிறகு அவர் வீட்டுக் காபி கொதிக்கும் சத்தம்
நெடுநேரம் கேட்டது.

அன்றிரவு உட்கார்ந்தேன்.
ஒவ்வொரு குறிக்கும் அதனதன் பத்து,
பத்தின் தோளில் ஒரு ஏழு.
மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே
புள்ளியை எடுத்துக் காற்புள்ளி வைத்தேன்,
இந்த ஊர் வழக்கம் அதுதான்.
முதல் ஓட்டத்தில் எழுத்துரு மக்கர் செய்தது:
பெருக்கல் குறி இருக்கவேண்டிய இடத்தில்
வெறும் கட்டம்.
இரண்டாம் ஓட்டத்தில் ஏழு
கொசு உட்கார்ந்த மாதிரி இருந்தது.
ஊர்போவுக்கு எழுபத்தொன்று.
கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் சவுனாவுக்குப் போவார்.

கடைசியில் அடுக்கே வேண்டாமென்று
அத்தனை சுழியையும் வெளியே வைத்தேன்.
மூன்று, இரண்டு,
அப்புறம் ஆறு சுழி,
ஏரிக்குள் இருக்கிற சுழியெல்லாம்
கரைக்கு வந்து வரிசையில் நின்றதுபோல.
எண்கள் இடத்தை அடைத்துக்கொள்ள
படம் ஒடுங்கிப்போனது.
"அசிங்கமாக இருக்கிறது," என்றாள்
தலைமை அலுவலகத்து மார்யுக்கா.
இருக்கட்டும்.

ஆகஸ்டில் நேரில் போனேன்.
மழையில் ஊறி, ஒரு மூலை கிழிந்து,
காகிதம் அதே ஆணியில் தொங்கியது.
ஒவ்வொரு சுழிக்கும் அடியில்
பென்சிலால் ஒரு சின்னக் கோடு.
எண்ணிப் பார்த்திருக்கிறார்.
ஆறாவதற்கு அடியில் மட்டும்
இரண்டு.