முப்பது தடவல்

பெரியாஸ்பத்திரியில் ஆள் குறைத்த மாதம்
எனக்கு மூக்குகள் நின்றுபோயின.
இருபத்திரண்டு மாதம், நாளைக்கு இருநூறு மூக்கு,
கண்ணில் நீர் வராத ஆம்பளை ஒருத்தரையும் பார்த்ததில்லை.
பிறகு ஆறு மாதம் சும்மா.
பிறகு ஜெஸிந்தா மேடம் போனில் கேட்டார்:
"தவளைக்கு ஸ்வாப் எடுப்பீங்களா?"

எடுப்பேன்.
அதே குச்சி, அதே பஞ்சு,
அதே நீலக் கையுறை, ஓர் உயிருக்கு ஒரு ஜோடி.
அடிவயிற்றில் பத்து, தொடைகளில் பத்து,
விரலிடைச் சவ்வில் பத்து.
முப்பது தடவி முடிப்பதற்குள்
கையுறை நனைய மூத்திரம் பெய்துவிடும்.
குப்பியில் எழுதுவேன்:
சாமநத்தம் கண்மாய், இரண்டாம் மடை, ஆண், இரவு 9.40.
ஆதார் எண் கேட்க வேண்டியதில்லை.

மடைக்காரர் ஒச்சப்பன் டார்ச் பிடித்தபடி
"இதுகளுக்குமா சளி?" என்றார்.
சளி இல்லைண்ணே, தோல்.
தண்ணி குடிக்கிறது தோலால, பாதி மூச்சு தோலால.
அங்கே ஒரு பூஞ்சை குடியேறும்.
தோல் தடிக்கும், உள்ளே உப்பு தங்காது,
இதயம் ஒரு துடிப்பை மறக்கும், அப்புறம் மிச்சத்தையும்.
எங்கெங்கோ மலைக்காடுகளில்
இனம் இனமாக இப்படிப் போயிருக்கின்றன.
அவர் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார்.
"நுணலும் தன் வாயால் கெடும்னு படிச்சோம்.
இது தோலாலயா கெடுது?"
கெடுத்தது யார் என்று கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

சொல்வதென்றால்
கப்பலேறிய தவளைகளிலிருந்து தொடங்க வேண்டும்.
ஒரு காலத்தில் பெண்ணின் சிறுநீரைத் தவளைக்குள் ஊசியால் ஏற்றி
விடிவதற்குள் அது முட்டையிட்டால்
அவளுக்குப் பிள்ளை என்பார்களாம்.
அதற்காக நாடு நாடாகப் பெட்டியில் போயின.
பூஞ்சையும் கூடவே போயிருக்கலாம் என்கிறார்கள் சிலர்.
இல்லை, வேறு வழி என்கிறார்கள் சிலர்.
"ரெண்டு கோடு, சந்தோசம்" என்று
எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் நானும்.

டவுன்ஹால் ரோட்டு மீன்தொட்டிக் கடையில்
வெள்ளையாய் ஒன்று, எந்த நாட்டதோ,
ஜோடி நானூற்றைம்பது.
பையன் தொட்டித் தண்ணீரை மாற்றிப்
பழையதைச் சாக்கடையில் ஊற்றினான்.
சாக்கடை கிருதுமாலுக்குப் போகிறது.
கிருதுமால் என்ன ஆனது என்று மதுரைக்குத் தெரியும்.

கண்மாயை விட்டுக் கரையேறினால்
பூட்ஸைப் பிளீச்சில் பத்து நிமிடம் முக்க வேண்டும்.
வண்டியூர்ச் சேறு சாமநத்தத்துக்கு வரக் கூடாது,
சாமநத்தத்துச் சேறு வேறெங்கும் போகக் கூடாது.
அந்த வாடை எழுந்ததும்
நான் என் வீட்டுக் குளியலறை வாசலில் நிற்கிறேன்,
மகன் ஜன்னலுக்குள்ளிருந்து கையசைக்கிறான்.
யாருக்கு எதைக் கொண்டுபோனேன் என்று இன்றும் தெரியாது.
எதிர்வீட்டு பத்மலோசனி டீச்சர்
ஒரு செவ்வாய்க்கிழமை என் கையிலிருந்து
பால் பாக்கெட் வாங்கிக்கொண்டார்.
அவ்வளவுதான் சொல்வேன்.
பத்து நிமிடம் ஆகியும் காலை எடுக்காமல் நிற்பதைப் பார்த்து
ஒச்சப்பன் ஒன்றும் கேட்பதில்லை.

தை மாதம் முடிவு வந்தது.
நூற்றுப் பதினான்கு குப்பி, அத்தனையும் நெகட்டிவ்.
மேடம் சிரித்தார். நானும்.
ஒச்சப்பன்தான் கேட்டார், "போன வருசம் எத்தனை குப்பி?"
இருநூற்று முப்பது.
அதே மடைகள், அதே மழை, அதே இரண்டு டார்ச்.

நோய் இல்லை.
கரையில் புதிதாய் நட்ட விளக்குக் கம்பம்,
வரப்போரம் மருந்துத் தெளிப்பானின் வெள்ளை நுரை,
மழை ராத்திரிகளில் ரிங் ரோட்டில் தட்டையாகிக் கிடப்பவை,
இதற்கெல்லாம் குச்சி இல்லை எங்களிடம்.

கடைசியாய்ப் பிடித்தது கார்த்திகையில், தூறலில்.
முப்பதும் தடவி விட்டபோது அது குதிக்கவில்லை.
கையுறையிலேயே உட்கார்ந்து
தொண்டையை ஊதி ஊதி இறக்கியது, சத்தமில்லாமல்.
ஒச்சப்பன் டார்ச்சை அணைத்தார்.
"இருட்டுனா கத்தும்."
நின்றோம்.
ரிங் ரோட்டில் ஒரு லாரி போனது.
இன்னொரு லாரி.